அப்பாவின் இடது கை

கையுறையின் மோதிர விரல் நுனியை பிளேடால் நெல்மணி அளவுக்குக் கீறி, பஞ்சைத் தீக்குச்சியால் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள் ஜெயந்தினி. சுண்டு விரல் முடிந்துவிட்டது. அது இப்போது உண்மையான விரல் மாதிரி விறைத்து நின்றது. மோதிர விரல்தான் பாடாய்ப் படுத்தியது. பாதித் தூரம் போனதும் தீக்குச்சி எதிலோ இடித்தது. அவள் குச்சியை வெளியே இழுத்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தாள்.

சவப்பெட்டியும் சடங்கும் பொறுப்பெடுத்த மலர்ச்சாலைக்காரர்கள் குறை வைக்கவில்லை. மருந்து ஏற்றி, முகம் மழித்து, கறுப்புக் கோட்டும் சப்பாத்தும் வெள்ளைக் கையுறையும் போட்டு, ஜெபமாலையை விரல்களில் கோத்துத்தான் நேற்று அப்பாவைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இடது கையுறையின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் தட்டையாக மடிந்து கிடந்தன. வந்தவர்கள் எல்லோருடைய பார்வையும் முதலில் முகத்துக்குப் போனது, பிறகு அங்கே போனது. கையுறையைக் கழற்றிப் பஞ்சு வைத்தால் ஒரு நிமிட வேலை. கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை. எழுபத்திரண்டு வயது வரை ஒருவர் மறைத்து வைத்ததை, அவர் தடுக்க முடியாத நேரத்தில் திறந்து பார்ப்பது திருட்டு மாதிரிப் பட்டது.

பத்தொன்பது வயதில், தேயிலை உருட்டும் இயந்திரத்தில், நிறுத்தாமல் கையை விட்டதால் அப்பா மாணிக்கராஜுக்கு அந்த இரண்டு விரல்களும் போயின. தன் அவசரத்துக்குக் கிடைத்த கூலி என்று அவரே சொல்வார். சொல்வாரே தவிர காட்ட மாட்டார். துவாய் ஒன்று எப்போதும் அந்தக் கையில் சுற்றியிருக்கும். கல்யாணப் படத்தில் பூச்செண்டுக்குப் பின்னால் கை இருக்கிறது. கோயிலில் எல்லோரும் கையில் நற்கருணை வாங்கப் பழகிய பிறகும் அவர் மட்டும் நாக்கை நீட்டித்தான் வாங்கினார். கொரோனாக் காலத்தில் கையில்தான் தருவோம் என்று சட்டம் வந்தபோது, ஒன்றரை வருஷம் நற்கருணை வாங்காமலே பெஞ்சில் இருந்துவிட்டார். ஆண்டவரையே வேண்டாமென்று இருந்த மனுஷன், அந்தக் கையை நீட்டவில்லை.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜெயந்தினி நுனியை அவசரமாக இரண்டு தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். றொனி வந்திருந்தான்.

அவள் தம்பி. பண்டாரவளையில் ஒரு பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறான். செவ்வாய்க்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணை மூடியபோது அவளோடு நின்றவன், மறுநாள் காலை "பண்டாரவளைக்குப் போயிட்டு வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவன் வரைந்த படத்தை எடுக்கத்தான் போகிறான் என்று தானாக நினைத்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் "தம்பி அப்பாவ வரஞ்சிருக்கான், கொண்டாரான்" என்று சொல்லியும் வைத்துவிட்டாள். பெட்டியின் தலைமாட்டில் அதற்கென்று ஒரு முக்காலி கூடப் போட்டிருந்தாள்.

அவன் கையில் படம் இல்லை. ஒரு பலகையும், சுருட்டிய தாளும், தோளில் ஒரு பையும்தான் இருந்தன. வாசலுக்கு எதிரே பாதையோரத்தில், மழையில் நனைந்தபடி, அஞ்சலி பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேனரை அவள் புருஷன் சஜீவன்தான் பதுளையில் அடித்துக்கொண்டு வந்தான். அப்பாவின் நல்ல படம் என்று வீட்டில் இருந்தது அடையாள அட்டையில் இருந்தது மட்டும்தான். கடைக்காரப் பையன் அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி, நீலக் கோட் போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் ஒட்டிக் கொடுத்திருந்தான். ஊரில் எல்லாச் சாவுக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த உடம்புக்காரர் இரண்டு கைகளையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தார். பத்து விரல்களும் வாழைப்பழச் சீப்பு மாதிரிக் கொழுகொழுவென்று இருந்தன. மணிக்கட்டில் தங்கக் கைக்கடிகாரம் வேறு. நேற்று அதைப் பார்த்தபோது ஜெயந்தினிக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. இனி அப்பாவை நினைப்பவர்கள் இந்தக் கைகளோடு நினைக்கட்டும் என்று நினைத்தாள்.

றொனி உள்ளே வந்தான். பெட்டியின் முன்னால் முழங்காலிட்டு சிலுவை போட்டுக்கொண்டான். எழும்பி அவளிடம் வந்து தணிந்த குரலில் கேட்டான்.

"அது யாரோட கை?"

"எது?"

"பேனர்ல இருக்கது."

"அப்பாவோடதுதான். வேற யாரோடதாம்?"

"அப்பா வாச்சு கட்டி நீ எப்பவாச்சும் பாத்தியா?"

ஜெயந்தினி தலைமாட்டு முக்காலியைக் காட்டினாள். "படம் எங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் முடியல."

"முடியலன்னா முடியாததக் கொண்டாந்திருக்கலாம்ல. மூஞ்சி முடிஞ்சிருச்சுன்னு தைப்பொங்கலுக்கே சொன்ன."

"கை முடியல." அவன் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். கையுறையின் புதுத் தையலில் அவன் கண் நின்றது. "அக்கா, அந்த ஒறையக் கழட்டணும். ஒரு அரமணித்தியாலம் போதும். நான் பாத்து வரஞ்சுக்குறேன்."

சுற்றிலும் பாயில் பெண்கள் இருந்தார்கள். ஜெயந்தினி எழும்பி அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்தச் சண்டை புதிது அல்ல. போன வருஷம் ஈஸ்டர் முடிந்து தொடங்கிய படத்தால் வந்தது. அப்பாவை எண்ணெய் வர்ணத்தில் வரைய வேண்டும் என்று றொனி சொன்னான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் மாணிக்கராஜ் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்கும், அங்கிருந்து பண்டாரவளைக்கும் பஸ் ஏறுவார். மகனின் வாடகை அறையில், ஜன்னலோரக் கதிரையில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வருவார். கோட்டில் டர்பன்டைன் வாடை அடிக்கும். ஒரு படத்துக்கு இத்தனை மாதமா என்று ஜெயந்தினி கேட்டால், "அது அப்பிடித்தானாம். ஒரு பூச்சு காஞ்சாத்தான் மத்தப் பூச்சாம். இந்தக் குளிருல எங்க காயும்" என்று மகனுக்காகப் பரிந்து பேசுவார். அந்தப் போக்குவரத்து அவருக்குப் பிடித்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும். சனிக்கிழமையே சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கி ஆணியில் மாட்டிவிடுவார்.

றொனி இந்த வழிக்கு வந்தது இருபது வயதில். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சின்னக் கோயிலில் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போனான். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய படம், மெழுகுவர்த்திப் புகையில் கருத்துப் போய்த் தொங்கியது. துடைத்து வை என்றார்கள். ஈரப் பஞ்சால் நாலு நாள் ஒற்றி ஒற்றி எடுத்தபோது, புகைக்கு அடியிலிருந்து ஒரு கிழவரின் கை வெளியே வந்தது. மீன் பிடித்த சீடர் இராயப்பரின் கை. நகக்கண்ணில் அழுக்கு, புறங்கையில் நரம்பு, பெருவிரலில் ஒரு வெட்டுக்காயம். தலையைச் சுற்றியிருந்த ஒளிவட்டத்தை விட அந்த நக அழுக்கை மெனக்கெட்டு வரைந்திருந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பழசு, கொஞ்சம்கூட மங்கவில்லை. வீட்டுக்கு வந்து அதைப் பற்றியே பேசினான். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு வர்ணம் பிடிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் காயும் வர்ணங்களைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தான். தனக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயும், மண் நிறத்தில் முதல் பூச்சும், அதன்மேல் மெல்ல மெல்ல வெளிச்சமும் என்று பழைய ஆட்கள் வைத்த முறையை விடவே மாட்டான். புகைப்படத்தைப் பார்த்து வரைய மாட்டான். நினைத்து வரைய மாட்டான். ஆள் முன்னால் இருக்க வேண்டும். அவன் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

அந்த மூன்று கால்தான் கடைசியில் வினையானது. முகமும் கோட்டும் முடிந்தன. மடியில் இருந்த கை மட்டும் மண் நிறப் பூச்சாகவே நின்றது. துவாயை எடுங்க என்று மகன் கேட்டான். அஞ்சு விரலையும் போட்டுரு என்றார் அப்பா. பார்க்காததைப் போடத் தெரியாது என்றான். அப்படியென்றால் துவாயைப் போட்டுக்கொள் என்றார். மறைத்து வரைய மாட்டேன் என்றான். தை மாதக் கடைசி ஞாயிறு, மாணிக்கராஜ் போன கையோடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை. ஐந்து மாதம். அவனும் ஆஸ்பத்திரிக்கு வரும்வரை வரவில்லை.

அடுப்படியில் அடுப்பு எரியவில்லை. சாவு வீட்டில் உலை வைப்பதில்லை, பக்கத்து லயத்து வீடுகளிலிருந்துதான் தேத்தண்ணி வந்துகொண்டிருந்தது. ஜெயந்தினி கதவைச் சாத்தினாள்.

"உசுரோட இருக்கையில காட்டல. செத்தப்பறம் பிடிச்சு இழுத்துப் பாக்கணுமா ஒனக்கு?"

"இன்னிக்கு விட்டா இல்ல அக்கா. மூணு மணிக்கு மண்ணுக்குள்ள போயிரும்."

"போகட்டும். அஞ்சு விரலப் போட்டுட்டா ஒன் சொத்தா கொறஞ்சிரும்? அந்த மனுஷன் கேட்டதே அது ஒண்ணுதான்."

"கேட்டாரு. பேனர்க் கடைக்காரன் போட்டுக் குடுத்துட்டானே, யாரோட கையையோ. நானும் அதையே போடவா? முப்பத்தெட்டு வருஷம் அந்தக் கையாலதான் நமக்கு சோறு போட்டாரு. அது கேவலமா?"

"ஒனக்கு கேவலமில்ல. அவருக்கு கேவலமா இருந்துச்சு. அவரு கை, அவரு இஷ்டம்."  ஐந்து மாதமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். "போகப் போறதில்லன்னு தெரிஞ்சும் ஒவ்வொரு சனிக்கெழமையும் சட்டைய மினுக்குனாரு. ஞாயித்துக்கெழம போட்டுக்கிட்டு வாசல் இஸ்தோப்புல உக்காந்திருப்பாரு. பன்னெண்டு மணி பஸ்ஸு போனதும் கழட்டி மாட்டுவாரு. தம்பி கூப்பிடுறானான்னு போனப் பாப்பாரு. நீ ஒரு கோல் எடுக்கல."

றொனி சுவரில் சாய்ந்து நின்றான். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"எடுத்திருந்தா, துவாயோட வாங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றான். "அதச் சொல்ல எனக்கு வாய் வரல. நான் செஞ்சது தப்புதான். அதுக்காக இப்ப பொய்யா போட முடியுமா? போட்டா இன்னும் தப்பு."

 கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

"மோதிர விரலு எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டான்.

"ஒரு கணு இருக்கு."

"நீ பாத்தியா?"

"பஞ்சு வைக்கயில குச்சி இடிச்சிச்சு."

"அப்ப நீயும் பாத்ததில்ல."

ஜெயந்தினிக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. அப்பாவின் துணியைத் துவைத்தாள், சோறு போட்டாள், ஆஸ்பத்திரியில் மூத்திரம் எடுத்துவிட்டாள். அந்தக் கையைப் பார்த்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு நேசராணி அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கச்சி. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும், மறைக்கவும் இல்லை.

"சத்தம் வெளிய கேக்குது. ஊர் வாய்க்கு உலமூடி கெடையாது" என்றாள். பலகையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள். "நானே ரெண்டு தடவதான் பாத்திருக்கேன். ஒங்கம்மா ஒருத்திதான் அந்தக் கைய நல்லாப் பாத்தவ. குளிரு வந்தா அந்த எடம் அண்ணனுக்குக் குடைஞ்செடுக்கும். ராவைக்குத் தேங்கெண்ணெயச் சூடாக்கித் தேச்சு விடுவா. நீங்க தூங்குனப்பறந்தான். தேக்கயில என்னா பேச்சுப் பேசுவாங்க ரெண்டு பேரும்."

"எங்களுக்குத் தெரியாது அத்த" என்றாள் ஜெயந்தினி.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? காட்டலையே." அத்தை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "ஒங்கம்மா போயி எட்டு வருஷமாச்சு. அதுக்கப்பறம் யாரு தேச்சு விட்டாங்களோ."

யாரும் தேய்த்துவிடவில்லை. மார்கழியில் அப்பா துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குக் கிட்டே உட்கார்ந்திருப்பது ஜெயந்தினிக்கு நினைவுக்கு வந்தது. குளிருக்கு என்றுதான் நினைத்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டதில்லை. அவர் மறைத்ததை மதிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, எட்டு மார்கழியும் அந்தக் கையைத் தனியே விட்டுவிட்டோம் என்று தோன்றியதும், அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாவு விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் கேட்டாள்.

"வரஞ்சு முடிச்சா எங்க மாட்டுவ?"

"எங்கயும் மாட்ட மாட்டேன். ஒன் வீட்டுல வை. யாருக்குக் காட்டணும், வேணாம்னு நீயே பாத்துக்க."

"செபத்துக்கு ஃபாதர் ரெண்டு மணிக்கு வருவாரு."

"இப்ப ஒண்ணே கால்."

அவள் எழும்பி முன்னறைக்குப் போனாள். பாயில் இருந்த பெண்களிடம், "கொஞ்சம் எல்லாரும் வெளிய இருங்க. கோவிச்சுக்காதீங்க. நாங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் அப்பாவோட கொஞ்ச நேரம் இருக்கணும்" என்றாள். அப்படி ஒரு வழக்கம் அந்த லயத்தில் கிடையாது. இருந்தும் முணுமுணுத்துக்கொண்டே எழும்பினார்கள். றொனி குழல் விளக்கை அணைக்கப் போனபோது சஜீவன் தடுத்தான்.

"மச்சான், பொணம் இருக்கிற வீட்டுல லைட்ட அணைக்கக் கூடாது."

"மேலேருந்து வெளிச்சம் விழுந்தா உருவம் தெரியாது மச்சான். ஜன்னல் வெளிச்சம் மட்டுந்தான் வேணும்."

சஜீவன் பெண்சாதியைப் பார்த்தான். "மெழுகுவர்த்தி எரியுதுல்ல. அணைக்கட்டும், விடுங்க" என்றாள் ஜெயந்தினி. அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான்.

அவள்தான் கழற்றினாள். ஜெபமாலையை மெல்ல விலக்கி, அவள் திணித்த பஞ்சோடு கையுறையை இழுத்து எடுத்தாள். சுண்டு விரல் அடியோடு இல்லை. மோதிர விரல் ஒரு கணுவோடு நின்றிருந்தது, அதன் நுனித் தோல் வழுவழுப்பாக மினுங்கியது. நடு விரலில் கல்யாண மோதிரம். மாட்ட வேண்டிய விரல் இல்லாததால் அம்மா அங்கே மாட்டிய மோதிரம். நகங்களுக்குள் தேயிலைக் கறை. மருந்தோ பவுடரோ அதை எடுக்கவில்லை. பயந்துகொண்டிருந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அது ஒரு கை. அவ்வளவுதான்.

றொனி பலகையை மடியில் வைத்துக் கரிக்குச்சியை எடுத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

"வெறச்சுப் போச்சு. நெஞ்சோட ஒட்டிக் கெடக்கு. படத்துல மடியில இருக்கணும். கொஞ்சம் தூக்கிப் பிடிக்க ஏலுமா?"

அவள் பெட்டியோரம் முழங்காலிட்டு, தன் வலது கையை அந்தக் கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். குளிர்ந்து கனத்திருந்தது. நழுவப் பார்த்தது. பெருவிரலால் மேலே பிடித்தாள், அது குறைந்த விரல்களின் மேல் வந்து படிந்தது.

"மறைக்குதா?"

"பாதி மறைக்குது." அவன் வரையத் தொடங்கியிருந்தான். "அப்பிடியே இரி."

"அப்ப என் கையையும் போடுறியா?"

"கண்ணுக்கு முன்னால இருக்கே. போடாம எப்பிடி?"

கரிக்குச்சி தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் தாளைப் பார்த்த நேரத்தை விடக் கையைப் பார்த்த நேரம் அதிகம். அழுகிறானா என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான், அவ்வளவு நேரம் யாரும் எதையும் பார்த்து அவள் கண்டதில்லை. இப்படித்தான் அப்பாவையும் பத்து மாதம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பார்த்திருப்பான் என்று நினைத்தாள். அப்பா எதற்கு சட்டையை மினுக்கினார் என்பது அவளுக்கு இப்போது விளங்கியது.

"அக்கா" என்றான், தலையை உயர்த்தாமல். "எண்ணெ மெதுவா காயுறது எனக்கு நல்லதாத்தான் இருந்துச்சு. காயலன்னு சொல்லிச் சொல்லித்தான் அவர வரவச்சேன்."

அவளுக்குத் தோள் கடுத்தது. முழங்கால் சீமெந்துத் தரையில் மரத்துப் போனது. பாதையில் வாகனம் ஏறிவரும் சத்தம் கேட்டது. வெளியே கதிரைகள் இழுபட்டன, யாரோ குடை பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கதவு திறந்தது. வாசலின் வெளிச்சம் மொத்தமாக உள்ளே விழுந்ததும் றொனியின் கை நின்றது.

"ஜெயந்தி, ஃபாதர் வந்துட்டாரு" என்றாள் நேசராணி அத்தை.

"கதவச் சாத்துங்க அத்த" என்றாள் ஜெயந்தினி, பிடித்த பிடியை விடாமல். "வெளிச்சம் மாறுது. ஃபாதரக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."